பொன்னுராஜ் அண்ணனின் கை

ராஜபாளையத்தில் பொன்னுராஜ் அண்ணன் நடத்திய மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருடம் கீபோர்டு வாசித்தவன் நான். இந்தத் தை மாதம் அவர் இறந்தபோது துட்டி கேட்க வந்தவர்கள் அவரை இசைமேதை என்றார்கள். அதெல்லாம் சும்மா. நூல் மில்லில் இருபத்தாறு வருடம் ஸ்பின்னிங் பார்த்த தொழிலாளி அவர். சர்ச் பாடகர் குழுவில் நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொண்டு, ஷிப்ட் முடிந்ததும் தலையில் பஞ்சோடு ஒத்திகைக்கு வந்து நிற்பார். ஒரு சுரம் பிசகினால் கெட்ட கோபம் வரும். அரை மணி நேரத்தில் அவரே டீ வாங்கிக் கொடுப்பார்.

மற்ற குழுக்களில் குழு நடத்துகிறவர் மேடையோரம் சிரித்துக்கொண்டு நிற்பதோடு சரி. எங்கள் அண்ணன் கை அசையாமல் ஒருவரும் வாசிக்க முடியாது. மில் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் அங்கே எல்லாமே சைகையும் வாயசைப்பும்தான். அந்தச் சைகைகளையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். நூல் சுற்றும் பாபின் நிரம்பிவிட்டது என்று மில்லில் காட்டுவதுதான் எங்களுக்குப் பாட்டை முடிக்கச் சொல்வது.

சைகையைக் கொடுத்த இரைச்சலே காதை வாங்கிக்கொண்டது. முதலில் புல்லாங்குழல் கேட்காமல் போயிற்று, பிறகு பெண் குரல், கடைசியில் எல்லாமே. யாரிடமும் அவர் சொல்லவில்லை. வாயசைப்பைப் பார்த்தே பதில் பேசிவிடுவதால் வெளியாட்களுக்குத் தெரியாது. அவர் கை தாளத்துக்குப் பிந்தத் தொடங்கியதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எடுத்துச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி பியூலா மதினி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"சொல்லிராதீங்க. அந்தக் கை நின்னுச்சுன்னா அவிய அதோட முடிஞ்சிருவாவ."

அன்றிலிருந்து ரிதம் பேட் வாசிக்கும் மாரிசெல்வம் தாளம் தட்டும் காலைப் பார்த்து வாசித்தோம். அண்ணன் கை அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு.

போன ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் பகல் கச்சேரி. இரண்டாவது பாட்டின் இடையிசையில் கரண்ட் போயிற்று. கீபோர்டு, கிடார், பேட், மைக் எல்லாம் செத்தன. இடையிசைக்குக் கண்ணை மூடிக்கொள்வது அண்ணன் வழக்கம். மூடியபடியே கையை வீசிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. எழுந்து போய் அவரைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது எங்கள் கைகள் மடியில் கிடந்தன. கரண்ட் இப்போதுதான் போயிற்று என்றேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கலைங்கறது உங்க யாருக்கும் ஆச்சரியமா இல்லையே. எலே, எம்புட்டு நாளா என் கையப் பாக்காம வாசிக்கிய?"

மாரிசெல்வம்தான் அழுதுகொண்டே மூன்று வருடம் என்று சொன்னான்.

செத்த நேரத்தில் ஜெனரேட்டர் ஓடியது. வாசிக்கச் சொல்லிவிட்டு அண்ணன் மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்ட இடத்திலிருந்து வாசித்தோம். ஓரிடத்திலாவது தடுமாறியிருக்கலாம். நீங்கள் இல்லாமல் எங்களால் முடியவில்லை அண்ணே என்று காட்டியிருக்கலாம். பாவிகள், ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. பாட்டு ஒரு தாளம்கூடப் பிசகாமல் முடிந்தது.

அண்ணன்தான் முதலில் கைதட்டினார்.