அதுவா, அவையா?

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு ‘லிஃப்ட் அக்கா’ என்றுதான் பெயர். ஊரில் பாதி லிஃப்டுகளில் கதவு மூடுவதைச் சொல்வது அவள் குரல்தான். எழுதிக் கொடுத்ததை மடமடவென்று படித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அர்த்தம் கேட்டு நின்றதாகச் சரித்திரமே இல்லை.

அன்று கடல் படம் ஒன்றுக்குக் குரல் கொடுத்தாள். திரையில் கிளை விட்டுப் பரந்திருந்தது மான்கொம்புப் பவளம். “ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான, வெயில் இறங்கும் தெளிந்த நீரில் இது வாழ்கிறது” என்று படித்தாள். அடுத்த வரி: “இரவில் அவை குட்டிக் கைகளை நீட்டி இரை பிடிக்கின்றன.”

நின்றுவிட்டாள்.

“இப்பத்தான் ‘இது’ன்னு சொன்னேன். அதுக்குள்ள ‘அவை’யா? செடி எப்படிப்பா இரை பிடிக்கும்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் சிரித்தார். “செடி இல்லக்கா, பிராணி.”

“பின்ன அந்தக் கல்லு?”

“அந்தப் பிராணிங்களே கட்டிக்கிட்ட வீடு. ஒரே கொம்புல ஆயிரக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணு தின்னா பக்கத்துல உள்ளதுக்கும் போய்ச் சேருமாம். உடம்புக்குள்ள பாசி வேற குடியிருக்கு. அதுதான் வெயில்ல சமைச்சுப் போடுது. தண்ணி சூடாச்சுன்னா பாசி வெளிய போயிடும், கொம்பு வெளுத்துடும்.”

அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. வீட்டுக்கு வந்தும் விடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“இதுல என்ன குழப்பம்? குடும்பம் மாதிரி. பல பேரு, ஆனா ஒண்ணு” என்றார் அவர்.

“புயல்ல ஒரு கொம்பு ஒடிஞ்சா, விழுந்த எடத்துலயே ஒட்டி வளருதாமே! அது புதுசா, பழசா?”

“எங்கண்ணன் தனிக்குடித்தனம் போனாரே, அந்த மாதிரி.”

“உங்கண்ணனை ஒடிச்சா ரெண்டா வளருவாரா?”

அவர் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

மறுநாள் ‘அது’ போட்டு ஒரு தடவை, ‘அவை’ போட்டு ஒரு தடவை படித்துக் கொடுத்தாள். “எது சரியோ அதைப் போட்டுக்கங்க. எனக்குத் தெரியல” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தக் கூடம் அப்படி ஒரு வார்த்தையை அதுவரை கேட்டதில்லை.

படம் தொலைக்காட்சியில் வந்தபோது இருவரும் பார்த்தார்கள். ‘அவை’ என்றது அவள் குரல், அடித்துச் சொல்வதுபோல.

“எவ்வளவு தெளிவா சொல்ற, பாரு!” என்றார் கணவர்.

அவள் திரையை விட்டுக் கண் எடுக்காமல் முணுமுணுத்தாள். “சொன்னவளுக்குத்தான் இன்னும் தெரியல.”