அப்புக்காத்து வீட்டுச் சமையல்

நான் பொய் சொன்னேன். என் பேத்தியின் முகத்தைப் பார்த்து, தெரிந்தே சொன்னேன்.

மீரா இங்கே, எப்சம் என்ற ஊர்ப் பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் பேசுவதற்கு ஒரு தலைவரைத் தேர்ந்து வரச் சொன்னார்களாம். யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்தாக இருந்தவன் நான். ஒரு வழக்கறிஞரை விட்டு வேறு யாரைச் சொல்வேன்? அமெரிக்கா பிரித்தானிய அரசனின் கீழ் இருந்தபோது வழக்காடி, பின்பு அதே அரசனை எதிர்த்துப் புரட்சியில் இறங்கி, சட்டசபைக்குப் போன ஒருவரைச் சொன்னேன். அவருக்குள் என்னையே பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

"அப்பப்பா, ஹூ குக்ட் ஃபார் ஹிம்?" என்று கேட்டாள்.

"அவரின்ர மனுசிதான் பிள்ளை, வேற ஆர்?" என்றேன்.

அவர் வீட்டில் சமைத்தவர்கள் அடிமைகள். அது எனக்குத் தெரியும். ஏன் மறைத்தேன்? அவரைக் காப்பாற்றவா? இல்லை... என்னைக் காப்பாற்ற.

நானும் மேடையேறி உரிமை பேசியவன். கூட்டம் முடிந்து வீடு திரும்பினால், பசியோடு காத்திருந்து எனக்குச் சோறு போடுவாள் வள்ளி. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்குக் கொண்டுவந்த சின்னப் பிள்ளை. பள்ளிக்கு அனுப்புவேன் என்று அவள் தகப்பனுக்கு வாக்குக் கொடுத்தேன். அனுப்பவில்லை. அவளுக்குத் தனித் தட்டு, படுக்க, அவள் சமைக்கிற குசினியின் மூலை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்... இதைவிடக் கேவலமான நியாயம் உண்டா? ஊருக்குத்தான் உபதேசம். விசா கிடைத்து இங்கே வந்தபோது அவளை யாரிடம் விட்டோம் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஆசிரியை மீராவைத் திருத்தினாராம். அந்த ஞாயிறு, மனைவி இறந்தபின் நான் தனியே இருக்கும் பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"யூ நியூ, அப்பப்பா?"

"ஓம் பிள்ளை. தெரியும்."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். இங்கே எனக்கென்று வருகிறவள் அவள் ஒருத்திதான்.

"அப்ப... உங்கட வீட்டில ஆர் சமைச்சது?" என்றாள். என்றும் ஆங்கிலத்திலேயே பேசுகிற பிள்ளை, எனக்காகத் தமிழைத் தேடித் தேடிக் கேட்டாள்.

"அப்பம்மா" என்றேன்.

நம்பிவிட்டாள். உள்ளே வந்து பக்கத்தில் அமர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறாள். வள்ளியைப் பற்றி அறியாத அவள் என் கையைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு யாருமே இல்லை என்று தோன்றுகிறது.