கலேவெலக்குப் போன ஆமை

மாத்தளை டவுனில் நான் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். முன்பு ஆமைக்குஞ்சுகளும் விற்றேன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள வெளிநாட்டு இனம். பிஸ்கட் அளவில் இருக்கும். "பெருசா வளருமா?" என்று கேட்பவர்களிடம், "தொட்டி அளவுக்குத்தாங்க வளரும்" என்பேன். கொழும்பிலிருந்து எனக்குக் கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார். மேற்கொண்டு நான் விசாரிக்கவில்லை.

ஒரு காலை, பக்கத்துத் தெருவில் நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பெண் த்ரீவீலரில் வந்து இறங்கினார். கையில் பிளாஸ்டிக் பேசின். உள்ளே சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஆமை. அவருடைய மகன் ஸ்கூலில் படித்தபோது என்னிடம் வாங்கியது. மகன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறார்.

"எனக்கு இனி ஏலா தம்பி. குளிக்கிற தொட்டிய இதுக்குக் குடுத்துட்டு நான் வாளியில குளிக்கிறேன். சுது கங்கையில விட்டுரட்டா?"

"வேணாம் ராத்தா. ஆத்துல இருக்கிற நம்ம ஆமைங்களோட தீனியெல்லாம் இது தின்னுரும். நான் ஒரு இடம் பாக்கிறேன்."

பேசினில் கைவிட்டுத் தூக்கினேன். ஓட்டின் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. விரலால் அழுத்தியபோது லேசாக அமுங்கியது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். வெயிலே படவில்லை, சோறும் பாண் ரொட்டியும் தின்றே வளர்ந்திருக்கிறது, வளைந்தது இனி நிமிராது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இடம் கிடைக்கும்வரை கடைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டேன்.

எல்கடுவவில் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளார்க் ஒருவர் ஆசையாகக் கேட்டார். நல்ல மனிதர். ஆனால் அங்கே பாதி நாள் பனிமூட்டம். இதற்கு வெயில் வேண்டும். ஒரு ஹோட்டல்காரர், சாப்பிட வரும் பிள்ளைகள் தூக்கிப் பார்ப்பதற்கு வேண்டும் என்றார். இல்லையென்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாகக் கேட்டவர் கலேவெலயில் மரக்கறி பயிரிடுபவர். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். முன்பு என்னிடம் மீன் வாங்கியவர். மரக்கறி கழுவக் கட்டிய பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது. போய்ப் பார்த்தேன். நல்ல வெயில். சுவரும் உயரம்.

"என்ன திங்கும்?" என்று கேட்டார்.

"கங்குங் மாதிரிக் கீரை, சின்ன மீன்."

"எவ்வளவு காலம் உசிரோட இருக்கும்?"

"இருபது முப்பது வருஷம் இருக்கலாம் நானா."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டுக்குள் இருந்த மகளைக் கூப்பிட்டார். "மகள், எனக்குப் பொறகு இத நீங்க பாப்பீங்களா? இல்லண்டா இப்பவே சொல்லிருங்க."

அவள் டீச்சர் வேலைக்குப் படிப்பவள். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கிறேன் வாப்பா" என்றாள்.

இத்தனை குஞ்சுகள் விற்றும், வாங்க வந்த ஒருவரிடமாவது நான் இப்படிப் பேசியிருக்கிறேனா? திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அதே நினைவுதான்.

ஆமையைக் கொண்டுபோன அன்று ராத்தாவும் கூட வந்தார். பஸ்ஸில் பேசினை மடியிலேயே வைத்திருந்தார். அதன் விளிம்பில் அவர் விரலால் தட்டினால் ஆமை தலையை நீட்டியது.

"மகன் கோல் எடுத்தா ஆமை எப்படின்டுதான் முதல்ல கேப்பான். அதுக்குப் பொறகுதான் உம்மா எப்படி." பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதக் குடுக்கிறத இன்னும் அவன்கிட்ட சொல்லல்ல."

தொட்டியின் நடுவே நானா ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டிருந்தார். முதலில் ஆமை தண்ணீருக்கடியில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடித்தபோது பலகையில் ஏறி, பின்னங்கால்களை விரித்துப் படுத்திருந்தது. அது அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. ராத்தா உடனே மகனுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டி, இங்கே கொண்டுவந்து விட்டதைச் சொன்னார். "வெயில் காயுது, என்ன உம்மா?" என்றது மகனின் குரல்.

போனை வைத்தபின் ராத்தா சொன்னார்: "இதுக்கு வெயில் வேணும்டு இத்தன வருஷமா எனக்கு யாரும் சொல்லல்லயே."

"நான்தான் சொல்லியிருக்கணும் ராத்தா. விக்கும்போது எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்கவும் பாக்கல."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கும் கேக்கத் தோணல்லயே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஆமை விற்கவில்லை. பழைய வாடிக்கையாளர்களிடம் போன் நம்பர் இருந்தவரை கூப்பிட்டு, முடியாவிட்டால் ஆற்றில் விடாதீர்கள், என்னிடமே கொண்டுவாருங்கள் என்றேன். சிலர் கொண்டுவந்தார்கள். அநேகம் பேர், அது எப்போதோ செத்துப்போனது என்றார்கள். நானா இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு, இதற்குமேல் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்.

ராத்தா மறுபடி கலேவெலக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "போனா திரும்பக் கொண்டு வந்திருவேன் தம்பி" என்றார்.