எல்லையில் ஒரு முறுக்குப் பார்சல்

போன மாதம் அமெரிக்காவுக்குப் போய் வந்தேன்.

தெரியும்... இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். எங்கள் கனடாப் பொருள்களுக்கு வரிக்கு மேல் வரி போடுகிற அந்த நாட்டு மண்ணை இனி மிதிக்கமாட்டேன் என்று இதே இடத்தில் முழங்கியவன்தானே நான்? மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒவ்வொரு தோடம்பழத்தையும், அதுதான் ஆரஞ்சை, உருட்டிப் பார்த்து, ஸ்டிக்கரில் எந்த நாடு என்று படித்த பிறகே பையில் போடுகிறவன். ஃபுளோரிடா என்று கண்டால் அப்படியே திரும்ப வைத்துவிடுவேன். பழக்கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதுமே மொரோக்கோப் பழங்களைக் கைகாட்டுவார்.

ஆனால் கலியாணம் என்று வந்துவிட்டால் வீறாப்பு எத்தனை நாளைக்கு நிற்கும்?

நியூ ஜெர்சியில் இருக்கிற என் தங்கையின் மகளுக்குக் கலியாணம். பிள்ளையின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் தாய்மாமனான நானும் என் மனைவி சாந்தியும்தான். முகூர்த்தம் சனிக்கிழமை காலை. மற்றவர்கள் பிந்தி வரலாம், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வரலாம். நாங்கள் மணவறையில் இல்லையென்றால் அந்தப் பிள்ளையைக் கைபிடித்துக் கொடுக்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து புறப்பட்டோம். பின் சீட் முழுக்கப் பலகாரம். அரியதரம், பயத்தம் பணியாரம், முறுக்கு... எல்லாம் சாந்தி வீட்டில் சுட்டது. காருக்குள் எண்ணெய் வாசனை, வெளியே சிவந்துபோன மேப்பிள் மரங்கள்.

ரேடியோவைப் போட்டேன். அமெரிக்க அரசாங்கம் மூடிக்கிடக்கிறது என்றார்கள். பட்ஜெட்டில் இரண்டு கட்சிகளுக்கும் ஒத்துவரவில்லை, ஆகவே செலவுக்குப் பணமில்லை. கடையடைப்பு நாங்கள் நிறையவே கண்டவர்கள். ஒரு நாடு தன் அரசாங்கத்தையே கடைபோல இழுத்துப் பூட்டுமா?

பூட்டினாலும் எல்லைக் காவலர்கள் வேலைக்கு வந்தாக வேண்டுமாம். அத்தியாவசிய சேவை. சம்பளம் பிறகு வரும். எப்போது? அது சண்டை பிடிக்கிறவர்களுக்கே தெரியாது. இதில் இன்னொரு வேடிக்கை – வாஷிங்டனில் இருந்து சண்டை பிடிக்கிற உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிற்காது. அவர்களுடைய அரசியல் சட்டம் அப்படி!

பாவங்கள் என்றாள் சாந்தி. அவளுக்குக் கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று பார்ப்பது அவளுக்குத் தொழில் மட்டுமல்ல, சுபாவமும் கூட.

எல்லைக்கு வந்தோம். கூண்டுக்குள் ஓர் இளம் அதிகாரி. கத்திபோல் மடிப்பு வைத்து அயர்ன் பண்ணிய சேர்ட். பாஸ்போர்ட்டுகளை வாங்கினார். எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டார். கலியாணம் என்றதும் இலேசாகச் சிரித்தார். பிறகு வழக்கமான கேள்வி... காரில் ஏதாவது சாப்பாடு இருக்கிறதா?

இந்தக் கேள்வியை உலகத்தில் யார் கேட்டாலும், எந்த மொழியில் கேட்டாலும், யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு ஒரே பதில்தான். நான் வாயைத் திறக்க முதல் சாந்தியின் கை என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே நீண்டது. கையில் ஒரு முறுக்குப் பார்சல். உங்களுக்குத்தான், சம்பளம் இல்லையாமே என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தரவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தப் பார்சலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போகச் சொன்னார்.

எல்லையில் வைத்து அமெரிக்க அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்த தம்பதி! திருப்பி அனுப்பினால்? தங்கைக்கு எந்த வாயால் போன் எடுப்பது? நாளைக் காலை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் நிற்பது?

எங்கள் தலைமுறையின் வியாதி இது. சோதனைச்சாவடி என்றால் கை தானாகப் பைக்குள் போகும். ஊரில் எத்தனை தடவை சிகரெட் பெட்டியும் சோடாப் போத்தலும் நீட்டியிருப்போம்... நீட்டினால் பாதை திறக்கும், நீட்டாவிட்டால் வெயிலில் நிற்க வேண்டும். சாந்தியின் கையும் அந்தப் பழக்கத்தில்தான் நீண்டதோ என்று எனக்கு ஒரு பயம்.

உள்ளே மேலதிகாரி, நடுத்தர வயதுப் பெண். மேசையில் எங்களுக்கு நடுவே முறுக்கு. நான் எங்கள் பண்பாடு, விருந்தோம்பல் என்று ஒரு பெரிய விளக்கத்தை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கொடுத்தவரே சொல்லட்டும் என்றார். சாந்திக்குக் கார்டெரிப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம்தான் தடக்கும். ஆகவே அவள் தமிழில் சொல்ல, நான் மொழிபெயர்ப்பது என்று முடிவாயிற்று.

இதைக் கொடுக்காவிட்டால் விடமாட்டோம் என்று நினைத்தீர்களா? அதுதான் அவருடைய கேள்வி.

"இல்லை" என்றாள் சாந்தி. "விடுவியள் எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் தந்தனான். விடமாட்டியள் எண்டு பயந்து குடுக்கிற காலம் எனக்கு முடிஞ்சுது."

இதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவளுடைய கையை நான் பிழையாகத்தான் விளங்கியிருக்கிறேன்.

அந்தப் பெண் பார்சலை இரண்டு கையாலும் எங்கள் பக்கம் தள்ளினார். பயணிகளிடமிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கக்கூடாது, மன்னிக்க வேண்டும் என்றார். மன்னிப்பு... எங்களிடம்!

சாந்தி விடுகிற ஆளா? "சம்பளமும் இல்லை, பேந்து ஏன் வாறியள் எண்டு கேளுங்கோ" என்றாள். கேட்க எனக்குப் பயம். ஆனாலும் கேட்டேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே நீண்டு நின்ற கார் வரிசையைப் பார்த்தார். நான் வராவிட்டால் நீங்கள் கலியாணத்துக்குப் போகமுடியாதே என்றார். பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லும்படி சொன்னார்.

காரை எடுத்தோம். மலைத்துப்போனேன் என்பதுதான் உண்மை. கஜானா பூட்டிக்கிடக்கிறது, தலைநகரத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே ஒருவர் சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு வேலைக்கு வருகிறார். இன்னொருவர் ஒரு முறுக்கைக்கூடத் தொடாமல் திருப்பித் தருகிறார். இதற்குப் பெயர் என்ன? சட்டத்துக்குப் பயமா, பழக்கமா, தேசபக்தியா? எதுவானாலும், அரசாங்கம் மூடிய பிறகும் ஒரு நாடு திறந்திருப்பதை என் கண்ணால் கண்டேன்.

அதற்காக நான் அமெரிக்காவின் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று யாரும் எழுதவேண்டாம். இதே எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தக் கோபம் வேறு. ஆனால் கண்டதைக் கண்டேன் என்று சொல்லவேண்டும் அல்லவா?

மறுநாள் முகூர்த்தம் தப்பாமல் தாரை வார்த்தோம். பிள்ளையின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தபோது, ஏனோ அந்த மேசையும் அந்தப் பெண்ணும் நினைவுக்கு வந்தார்கள். வாழ்த்தை மறக்காமல் சொல்லிவிட்டேன்.

மொன்றியலுக்குத் திரும்பிய பிறகும் ஜான்-டலோனில் ஸ்டிக்கர் பார்ப்பதை நான் விடவில்லை. ஃபுளோரிடாப் பழம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வரியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

ஒருநாள் நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்க, தொலைக்காட்சியில் செய்தி. வாஷிங்டனில் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம், அரசாங்கம் திறந்துவிட்டதாம். சாந்தி அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"அப்பாடா... எங்கட பொடியனுக்குச் சம்பளம் வந்திடும்."

எங்களுக்கு இருப்பது இரண்டும் பெண்பிள்ளைகள். எந்தப் பொடியன் என்று கேட்டேன்.

"அவன்தான்... முறுக்கு வாங்காதவன்."