ஆயுத பூஜையும் ஆற்றுப் பாலமும்

தினமும் காலையில் காரைக் கிளப்புவதற்கு முன் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறேன். என் கணவரின் கைத்துப்பாக்கி உள்ளே இருந்தால் எடுத்துப்போய் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருவேன். முணுமுணுக்காமல் செய்வேன் என்று சொல்லமாட்டேன். நாங்கள் குடியிருப்பது பென்சில்வேனியாவில், எனக்கு வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில். இடையில் ஒரு சின்னப் பாலம். இந்தப் பக்கம் அவர் லைசென்சோடு துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம், காய்கறி வாங்கலாம், யாரும் ஏனென்று கேட்க முடியாது. பாலம் தாண்டினால் அந்த லைசென்ஸ் வெறும் அட்டை. பிடிபட்டால் ஜெயில். எங்களைப் போல வந்தவர்களுக்குக் கிரீன் கார்டும் போய்விடும், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

துப்பாக்கி எனக்குப் புதிதல்ல. நெய்க்காரப்பட்டித் தோட்டத்தில் அப்பாவிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி உண்டு. மக்காச்சோளத்தில் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், அதற்குமேல் அதற்கு வேலையில்லை. தேர்தல் வந்தால் சாக்கில் சுற்றி எடுத்துப்போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடியும்வரை நாங்கள் தகர டின்னைத் தட்டித்தான் பன்றி விரட்டுவோம். இங்குள்ள சட்டத்தைப் போனில் சொன்னபோது அவருக்குப் பிடிபடவே இல்லை.

"பாலந் தாண்டுனா வேற சட்டமா? ரெண்டும் ஒரே நாடுதானே கண்ணு?"

"ஒரே நாடுதானுங்கப்பா. ஆனா கொண்டுட்டுப் போகக் கூடாதுங்க."

"அப்ப பாலத்துக்கிட்ட எவங்கிட்ட குடுத்துட்டுப் போறது?"

"யாருகிட்டயும் இல்லீங்க. நாமளே ஞாபகமா வீட்டுல வச்சுட்டுப் போகணும்."

"ரசீது ஆரு குடுப்பா?" என்றார்.

என் கணவர் முருகேசன் வத்தலக்குண்டுக்காரர், பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிறவர். இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒருவன் கத்தியைக் காட்டிக் கல்லாவைத் திறக்கச் சொன்ன பிறகுதான் துப்பாக்கி வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவருக்குத் தூக்கம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. எங்களுக்கு இருப்பது ஒரே கார். வெளியே கிளம்பும்போது பழக்கதோஷத்தில் அதைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார், திரும்பி வந்தபின் எடுக்க மறந்துவிடுவார்.

போன ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, தையல் மெஷின், என் லேப்டாப் எல்லாவற்றையும் சாமி முன்னால் பரப்பி வைத்தேன். "ஆயுத பூசைக்கு ஆயுதத்த விட்டுட்டுக் கம்ப்யூட்டர வைக்கிறியே புள்ள" என்று அவர் குண்டுகளைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் சந்தனப் பொட்டு. அப்புறம் காருக்குப் பூஜை. டயருக்கு எலுமிச்சம்பழம், நம்பர் பிளேட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். குங்குமம் நிரப்பிய பூசணிக்காயைக் காருக்குப் பின்னால் போட்டு உடைத்ததில் பம்பரெல்லாம் சிவப்பாகத் தெறித்தது.

சாயங்காலம் நியூ ஜெர்சியில் தோழி வீட்டுக் கொலுவுக்குக் கிளம்பினோம். அவர் கார் ஓட்ட, சுண்டல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். பாலம் தாண்டிச் செத்த நேரத்தில் பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. அப்போதுதான் எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

"ஏனுங்க, அது எங்கீங்க?" என்றேன். அவர் வாய் திறப்பதற்குள் போலீஸ்காரர் ஜன்னலுக்கு வந்து, கைகளைத் தெரியும்படி வைக்கச் சொன்னார். வண்டிக்குப் பின்னால் இரத்தமாக இருக்கிறதே, மானை இடித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"பம்ப்கின்" என்றார் என் கணவர்.

பூசணிக்காயைக் குடைந்து வாசலில் வைக்கும் ஹாலோவீன் பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று போலீஸ்காரர் சிரித்தார். நாங்கள் விளக்கப் போகவில்லை, தலையை ஆட்டினோம். அடுத்து வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரைக் கேட்டார். அது இருப்பது அந்தப் பெட்டியில், பெட்டி இருப்பது என் முழங்காலுக்கு நேர் எதிரே. கடை, வீடு, இத்தனை வருஷப் பாடு எல்லாம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டுத் திறந்தேன். பேப்பர் இருந்தது. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். வேறொன்றும் இல்லை.

பேப்பரைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, நம்பர் தெரியவில்லை, துடைத்துவிட்டுப் போங்கள் என்றார். இறங்கிப் பின்னால் போனேன். தண்ணீர் பாட்டிலோடு கூடவே வந்த கணவரிடம், "நல்லவேளை, சட்டம் ஞாபகம் இருந்துச்சுங்களே" என்றேன்.

"சட்டமா? அந்த நெனப்பே இல்ல புள்ள. சாமிகிட்ட வச்சத மறுநா பூச முடியாம எடுக்கக் கூடாதுல்ல. அதான் அங்கனயே விட்டுட்டு வந்தேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அது என் முழங்காலுக்கு எதிரேதான் இருந்திருக்கும். முந்தானையை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். சந்தனம் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் நம்பர் வந்தது, அப்புறம் மேலே ஒவ்வொரு எழுத்தாகப் பென்சில்வேனியா. சாமிக்கு வைத்த குங்குமத்தை நல்ல நாளில் நானே அழித்துக்கொண்டிருந்தேன், நியூ ஜெர்சி ரோட்டோரத்தில் மண்டியிட்டு. எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று போலீஸ்காரர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.