ரிங்லெட்டில் பறந்த கார்

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர் எதைக் கேட்டாலும் கடைசியில் வேகத்தைத்தான் கேட்பார். மலைமேல் குளிர் ஊரான ரிங்லெட்டில் கடை போட்டிருக்கும் என்னைப் போல நீங்களும் யாருக்காவது எமுலேட்டர் போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் என்றால், என் பாடு புரியும். பழைய கேம் பெட்டியின் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் சாஃப்ட்வேர் அது. ஓடும், எந்த வேகத்தில் என்பதில்தான் வம்பு.

சாம்பியன்

தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் செல்வம் தன் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தான். அதில் கார் ரேஸ் பாதி வேகத்தில்தான் ஓடியது. பாட்டுகூட இழுத்து இழுத்து அழுதது. தீபாவளியன்று மலையடிவாரத் தாப்பாவில், மாமியார் வீட்டில், மச்சானோடு போட்டி. தோற்றவன் பலகாரச் சட்டி, கறிச் சட்டி எல்லாம் கழுவ வேண்டும். வருஷா வருஷம் கழுவுவது செல்வம்தான். இந்த முறை தன் மெஷினில்தான் போட்டி என்று அடம் பிடித்திருக்கிறான். முழு வேகம் இருந்தால் சரி என்றானாம் மச்சான்.

எனக்குப் பாவமாகிவிட்டது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன். கார் பறந்தது. செல்வம் வளைவுக்கு வளைவு சுவரில் மோதினான். "அண்ணே, பழைய மெதுவையே திருப்பிக் குடுத்துடுங்க லா. அதுல நான் ஒரு வாட்டிகூட இடிச்சதில்ல."

காற்று வாங்கியது

போய்ப் பழகு என்று விரட்டினேன். சூடானால் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், குளிர்ச்சியாக வை என்றும் சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரம் அவன் மனைவி லெட்சுமி கம்ப்யூட்டரோடு வந்து நின்றாள். ஜன்னலைத் திறந்து பனிக்கு நேராக வைத்திருக்கிறான். உள்ளே ஈரம் கோத்து ஆன் ஆகவில்லை. துடைத்துக் காயவைத்து உயிர் கொடுத்தேன். "நானும் புள்ளைங்களும் கம்பளிக்குள்ள நடுங்குறோம்ணே, இது மட்டும் சொகுசா காத்து வாங்குது."

தீபாவளி போன்

செல்வம் மலை இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சோதித்ததெல்லாம் ரிங்லெட் குளிரில். தாப்பா வெயிலில் அந்த மெஷின் என்ன ஆகும்? கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மத்தியானம் போன் அடித்தபோது எடுக்கவே பயம்.

பயந்தபடியே மெஷின் கொதித்து, ரேஸ் பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டதாம். முழு வேகத்துக்குப் பழகிய மச்சான் ஒவ்வொரு வளைவிலும் முன்கூட்டியே திருப்பிச் சுவரில் முட்டியிருக்கிறான். நம்ம ஆளுக்கோ அது பழகிய ஓட்டம். போனில் சட்டி உருளும் சத்தம் கேட்டதும் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். "அண்ணே, மச்சான் சட்டி கழுவுறான்! வேணும்னே மெதுவாக்கி அனுப்பிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!" என்றான் செல்வம்.

வேகமாக ஓடவைத்துத் தரப்படும் என்று பலகை மாட்டியிருக்கும் எனக்கு, மெதுவாக ஓடியதில்தான் தாப்பா வரைக்கும் பேர் கிடைத்தது.