ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் பிடித்தவர்

சென்ட் லோரன்டில் எங்கள் தெருவில் இன்று குழாய் உடைந்து தண்ணீர் நின்றுவிட்டது. வெளியே மைனஸ் இருபது.

ஹீட்டிங் அதனால் நிற்காது. பொயிலரில் சூடாகி, அறைகளில் இருக்கும் ரேடியேட்டர்களுக்குள் ஒரே தண்ணீரே சுற்றிச் சுற்றி ஓடும். யாரும் அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் தொட்டார்.

வீடு குளிர்ந்ததும் இறங்கிப் போனேன். பொயிலரின் அடிக்குழாயைத் திறந்து வாளி நிறையக் கறுப்புத் தண்ணீர் பிடித்திருந்தார். தண்ணீர் குறைந்ததும் பொயிலர் தானாக நின்றிருந்தது.

“என்ன அண்ணை செய்தனீங்கள்?”

“கக்கூசுக்குத் தண்ணி வேணும். பேப்பராலை துடைச்சுப்போட்டு எப்பிடிச் சாமியறைக்குப் போறது?”

பொயிலரைத் திரும்ப மூட்டப் பொத்தானை அழுத்தப் போனார். கையைத் தட்டிவிட்டேன்.

“தண்ணி குறைஞ்சு எரிஞ்சால் வெடிச்சுப்போடும். தொடாதேங்கோ. மேலை அக்காவின்ரை பிள்ளை பிறந்து ஒரு மாதந்தான்.”

“நீர் பெரிய எஞ்சினியரோ? பிள்ளைக்கு இன்னொரு சுவெற்றரைப் போடும்.”

அக்காவையும் பிள்ளையையும் டாக்சியில் புரோசார்டுக்கு, மாமி வீட்டுக்கு அனுப்பினேன்.

சற்றுமுன் வீட்டுச் சொந்தக்காரர் வந்து கதவைத் தட்டினார். “தம்பி, குடிக்கப் போத்தல் தண்ணி இருக்கோ?”

இரண்டு பெட்டி இருக்கிறது. இல்லை என்றேன்.

என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் இந்தப் பதிவின் கீழே திட்டலாம். உங்கள் வீட்டில் ஹீட்டிங் ஓடுகிறதா என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.